மைனஸ் எட்டரையும் ஓர் ஆமையும்

கண்ணாடிக் கடைக்காரனைக் கட்டிக்கொள்பவள் ஒரு விஷயத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பதானாலும் அவன் இரண்டிரண்டாகத்தான் கேட்பான். "இது தெளிவா, அது தெளிவா? ஒன்னா, ரெண்டா?" இருபத்தாறு வருஷமாக இருட்டறையில் உட்கார்ந்து, அடுத்தவர் மூக்கின் மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு நான் கேட்டுவரும் கேள்வி இது. நாக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டுக்கு வண்ணம் பூசியதும், குளிர்சாதனப் பெட்டி வாங்கியதும், மகளைக் கல்லூரியில் சேர்த்ததும் இதே முறையில்தான். என் மைத்துனன் எனக்கு வைத்திருக்கும் பெயரே 'ஒன்னா ரெண்டா மாமா'.

ஆகவே மனைவியோடும் மைத்துனனோடும் ஒரு தீவுக்குச் சுற்றுலா போன முதல் நாளே விடுதிக் கட்டிலின் மேல் பதினோரு படகுகளின் விளம்பரத் தாள்களைப் பரப்பி வைத்திருந்தேன். முகத்தில் மாஸ்க், வாயில் மூச்சுக்குழாய், தண்ணீரில் குப்புற மிதந்தபடி பவளப்பாறையைப் பார்ப்பது. ஸ்நார்க்கலிங் என்று ஒவ்வொரு தாளிலும் போட்டிருந்தது. எந்தப் படகில் போவது என்பதுதான் கேள்வி. கடையிலிருந்து கொண்டுவந்த மருந்துச் சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, மிதவைச் சட்டை, ஏணி, நிழல், கழிப்பறை, ஏறும் ஆட்களின் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மனைவி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கடையில் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பும் மேஜை அவளுடையது. காதுப் பக்கம் வளைப்பது, மூக்குப் பக்கம் இறுக்குவது எல்லாம் அவள்தான். கடைச் சுவரில் 'புடவைத் தலைப்பாலோ சட்டை நுனியாலோ எச்சில் தொட்டோ துடைக்காதீர்கள்' என்று எழுதி மாட்டியிருக்கிறேன். அதை உலகத்திலேயே ஒழுங்காகப் பின்பற்றுகிறவள் அவள் ஒருத்திதான்.

"இங்க பாரு. ஒன்னு, நாற்பது பேர் ஏறுற படகு, மாடியில இருந்து கடலுக்குள்ள சறுக்கு மரம். ரெண்டு, இருபது பேர், சறுக்கு மரம் இல்ல, நிழல் உண்டு. ஒன்னா, ரெண்டா?"

"ரெண்டு."

"சரி. இப்ப இந்த ரெண்டையும், இந்த மூணையும் பாரு. மூணுல ஏணி அகலம்."

"ரெண்டும் ஒன்னுதாங்க."

இந்த இடத்தில் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோதனை நாற்காலியில் இருப்பவர் "ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது" என்று சொன்னால் எனக்குக் கொண்டாட்டம். சரியான பவர் கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது என்று அர்த்தம். ஆனால் அதையே இரண்டாவது லென்ஸிலேயே சொன்னால் சந்தேகப்பட வேண்டும். ஒன்று, அவருக்குப் பசிக்கிறது. இல்லையென்றால் இரண்டிலுமே ஒன்றும் தெரியவில்லை, சொல்லக் கூச்சப்படுகிறார். அப்போது லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, "முதல்ல எழுத்து தெரியுதாம்மா?" என்று கேட்க வேண்டும். முன்பின் தெரியாத எத்தனையோ பேரிடம் இதைக் கேட்டிருக்கிறேன்.

மனைவியிடம் நான் கேட்டது, "அப்ப மூணையே வச்சுக்கலாமா?"

"எதுவானாலும் சரிங்க. நீங்களும் தம்பியும் இறங்குங்க. நான் படகுலயே உட்கார்ந்து காத்து வாங்கறேன்."

"ஏன்? போன தடவை இறங்கினியே. ஆமையெல்லாம் பார்த்தோமே."

"அதான் பார்த்தாச்சே" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அந்த ஆமையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில்லை என்றால், எங்கள் கடையில் நீங்கள் கண்ணாடி வாங்கியதில்லை என்று பொருள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு கடலில் நாங்கள் இருவரும் ஒரே ஒரு முறை இப்படி மிதந்தோம். எங்களுக்கு நேர் கீழே ஓர் ஆமை போயிற்று. டைனிங் டேபிள் அளவு. லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் ஓடுகிற பத்து நிமிஷத்துக்குள் முடிகிற மாதிரி அந்தக் கதையைச் செதுக்கி வைத்திருக்கிறேன். முடிவில் மனைவியைப் பார்ப்பேன். அவள் தன் மேஜையிலிருந்து, "ஆமாங்க, பெருசு" என்பாள். கடலுக்குள் போய்வந்த வேறு யாராவது தான் பார்த்த மீனின் நீளத்தைக் கைவிரித்துக் காட்டினால், "தண்ணிக்குள்ள எல்லாமே மூணுல ஒரு பங்கு பெருசாத்தான் சார் தெரியும்" என்று உடனே திருத்துவேன். என் ஆமைக்கு அந்தக் கணக்கைப் போட்டதில்லை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். என் ஆமை கடைக்குள் புகுந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் கடை நன்றாகத்தான் நடக்கிறது.

கதவைத் தட்டாமல் மைத்துனன் உள்ளே வந்தான். என் மனைவியின் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறான். இடது பக்க இருக்கையில் உட்கார்ந்தே பாதி ஆயுள் போனவன். எந்த வண்டியில் ஏறினாலும் அவன் கால் தானாக பிரேக்கைத் தேடும். விமானத்திலும் தேடிற்று.

"என்ன மாமா, இன்னும் முடிவு பண்ணலையா? சறுக்கு மரம் இருக்கிற படகை விட்டுட்டு என்ன யோசனை?"

"உனக்கு நாற்பத்தொரு வயசு."

"சறுக்கு மரத்துக்கு வயசு வரம்பு போட்டிருக்கானா? உங்க கட்டத்துல பாருங்க."

பார்த்தேன். அந்தக் கட்டம் நான் போடவில்லை. தாளைப் பார்த்துத் தீர்மானிப்பது கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்துப் பவர் சொல்வது போல. நேரில் போய் விசாரிப்போம் என்று மூன்று பேரும் படகுத்துறைக்குக் கிளம்பினோம்.

துறையில் வரிசையாக விற்பனைக் கூண்டுகள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று என் கேள்விகளைக் கேட்டேன். மிதவைச் சட்டையில் விசில் உண்டா, ஏணிக்குக் கைப்பிடி எத்தனை. சறுக்கு மரப் படகின் கூண்டிலிருந்த பெண் எல்லாவற்றுக்கும் சிரித்த முகமாகப் பதில் சொன்னாள். ஏழாவது கேள்வியில் அவள் சிரிப்பு மட்டும் இருந்தது, அவள் இல்லை.

வரிசையின் கடைசியில் கூண்டே இல்லாமல் ஒரு சின்னப் படகு கட்டியிருந்தது. அதன் விளிம்பில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் உட்கார்ந்து, ஒரு வாளியில் மாஸ்குகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். படகு அவருடையது, ஓட்டுவதும் அவர்தான். துறையில் எல்லோரும் அவரைக் கமாண்டர் என்று கூப்பிட்டார்கள்.

"படகுல கழிப்பறை இருக்கா?" என்று ஆரம்பித்தேன்.

"கடல் இருக்கு."

"நிழல்?"

"மேகம் வந்தா இருக்கும்."

"எத்தனை பேரை ஏத்துவீங்க?"

"எட்டு. ஒம்பதாவது ஆளுக்கு மாஸ்க் கிடையாது."

"அனுபவம் எத்தனை வருஷம்?"

"எனக்கா, எஞ்ஜினுக்கா?"

மைத்துனன் என் காதருகே, "பூஜ்யம் போட்டுக்கங்க மாமா" என்றான்.

கமாண்டர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சார் கேள்வி முடிஞ்சுதா? இப்ப என் பரீட்சை. முகத்துல மாஸ்க் உட்காரலைன்னா நான் டிக்கெட் தர்றதில்ல. பட்டையை மாட்டாம சும்மா முகத்துல வச்சு மூக்கால மூச்சை இழுங்க. கையை எடுத்தாலும் விழாம நின்னா அது உங்க அளவு."

எனக்கு நின்றது. மைத்துனனுக்கு மூன்றாவது மாஸ்கில் நின்றது. மனைவி தள்ளி நின்றிருந்தாள்.

"நான் இறங்கலைங்க."

"இறங்காட்டி என்ன தங்கச்சி, அளவு பார்க்கறதுக்குக் கடலா கோவிச்சுக்கப் போகுது?" என்று கமாண்டர் ஒரு மாஸ்கை நீட்டினார்.

மனைவி கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். பிறகு மாஸ்கை வாங்கக் கையை நீட்டினாள். கை மாஸ்குக்கு ஒரு சாண் இடப்பக்கம் போய், காற்றைப் பிடித்துத் திரும்பி வந்து, அப்புறம் மாஸ்கைத் தொட்டது.

அந்தக் கை எனக்குத் தெரிந்த கை. தினமும் காலையில் கட்டிலோர மேஜையில் கண்ணாடியைத் தேடித் துழாவும் கை. பாதித் தூக்கத்தில் நான் எடுத்து அதில் வைப்பேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டரை. சோதித்தவன் நான், எழுதியவன் நான், லென்ஸைத் தேய்த்துப் பொருத்தியவன் நான். கான்டாக்ட் லென்ஸ் அவள் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் கண் தக்காளியானது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாஸ்கைப் போட முடியாது, காதுக்குப் போகிற கம்பி வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். இத்தனையும் தெரிந்த அறிவாளி விசிலுக்கும் ஏணிக்கும் கட்டம் போட்டான். கண்ணுக்குப் போடவில்லை.

"பவர் எவ்வளவு?" என்று கமாண்டர் கேட்டார்.

"எட்டரை" என்றாள் மனைவி.

"அப்ப கீழ வெறும் நீலம்தான்."

"ஆமா. நீலம் நல்லாத்தான் இருக்கும்."

நான் மெதுவாகக் கேட்டேன். "அப்ப... அந்த ஆமை?"

"நீங்க பார்த்தீங்கல்ல" என்றாள்.

மைத்துனன் விடவில்லை. "அக்கா, பன்னெண்டு வருஷமா டைனிங் டேபிள்னு சொன்னியே?"

"டைனிங் டேபிள்னு சொன்னது அவரு. நான் பெருசுன்னு மட்டும்தான் சொன்னேன். கறுப்பா, பெருசா ஏதோ ஒன்னு போச்சு. அது உங்க மாமாவாக்கூட இருந்திருக்கலாம்."

கமாண்டர் வாளிப் பக்கம் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கிற்று.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"எங்க சொல்ல விட்டீங்க. மேல வந்ததும் 'பார்த்தியா, பார்த்தியா'ன்னு கேட்டீங்க. அப்ப உங்க முகம் இருந்த இருப்புக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரல. சரி, ஒரு ஆமாதானேன்னு சொல்லிட்டேன். மறுவாரமே கடையில 'நாங்க ரெண்டு பேரும் பார்த்தோம்'னு ஆரம்பிச்சுட்டீங்க. அப்புறம் எந்த வாரத்துல போய் மாத்திச் சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. இறுக்கமான சட்டத்தைத் தளர்த்திக் கொடுப்பது போல, அலுங்காமல் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

"வாத்தியார் பிள்ளை மக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன். இது என்ன மாமா..." என்று மைத்துனன் ஆரம்பித்தான்.

"நீ கொஞ்சம் பிரேக்கை அமுக்கு" என்றேன்.

மனைவியிடம் கேட்டேன். "உனக்குப் பார்க்கணும்னு இருக்கா?"

கண்ணாடி இல்லாத கண்ணோடு கடல் இருக்கும் திசையைப் பார்த்தாள். "அந்த ஆமையைப் பத்தி எவ்வளவு பேருக்கு நானும் தலையாட்டியிருக்கேன். ஒரு தடவையாவது எதையாவது பார்த்துட்டுத் தலையாட்டலாம்னு இருக்கு."

கட்டம் போட்ட சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். வந்த வழியே திரும்பி, கூண்டு கூண்டாக மறுபடியும் போனேன். இந்த முறை ஒரே கேள்வி. "பவர் வச்ச மாஸ்க் இருக்கா?" என்னைத் தூரத்தில் பார்த்ததுமே இரண்டு கூண்டுகளில் ஆட்கள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் சறுக்கு மரப் படகில் மட்டும் இருந்தது. அதுவும் மைனஸ் ஐந்து வரைதான். மனைவி போட்டுப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"நீலத்துல கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி."

எட்டரையில் ஐந்து போனால் மிச்சம் மூன்றரை. ஓரடிக்கு அந்தப் பக்கம் ஆமை வந்தாலும் அண்டா வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். உங்கள் மாஸ்கில் நானே லென்ஸ் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அந்தப் பெண் வருத்தத்தோடு, "தலைமை அலுவலகத்துல ஒத்துக்க மாட்டாங்க சார்" என்றாள். நியாயம்தான். நானும் என் கடைச் சோதனைச் சட்டத்தை யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டேன்.

கமாண்டரிடம் திரும்பி வந்து, லென்ஸ் ஒட்டிக்கொள்ளலாமா என்று அவரிடமும் கேட்டேன். அவர் என்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதை வச்சு ஒட்டுவீங்க?"

"சிலிகான் பசை கிடைச்சா போதும்."

"படகு ஜன்னலுக்குப் பூசறது இருக்கு. ஆனா முழுசா காய ஒரு நாள் ஆகும். நாளைக்கு வேண்டாம். நாளன்னைக்குக் காலையில வாங்க."

நாளை மறுநாள் மதியம் எங்களுக்குக் கப்பல். அதாவது ஒரே ஒரு தடவை. பிசகினால் மறு முயற்சி கிடையாது.

"சரியா ஒட்டலைன்னா?" என்றேன்.

"மாஸ்க் போனா எனக்கு. அப்புறம் வர்றதெல்லாம் உங்களுக்கு" என்று மனைவிப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

எந்த லென்ஸை ஒட்டுவது என்பது அடுத்த கேள்வி. மனைவி கைப்பையைத் துழாவி ஐந்து வருஷத்துப் பழைய கண்ணாடியை எடுத்தாள். ஏழேகால். பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள், பயணத்தில் உதவும் என்று ஊருக்கெல்லாம் சொல்வேன். கேட்டுக்கொண்டவள் அவள்தான். ஒரு கையில் அதையும், மறு கையில் இப்போதைய கண்ணாடியையும் என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"ஒன்னா, ரெண்டா?"

வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்வி என் பக்கம் வந்தது. மாஸ்கின் கண்ணாடி கண்ணிலிருந்து கொஞ்சம் எட்டவே இருக்கும். எட்டப் போனால் மைனஸ் லென்ஸின் வலு குறையும். ஏழேகால் அங்கே ஏழுக்கும் கீழே இறங்கிவிடும். எட்டரை என்றால் கிட்டத்தட்ட எட்டு நிற்கும்.

"புதுசு" என்றேன்.

"கெட்டுப் போச்சுன்னா?"

"உன் புருஷன் கண்ணாடிக் கடைதானே வச்சிருக்கான்."

"அது அவருக்கு இன்னைக்குத்தானே ஞாபகம் வந்துச்சு."

விடுதி அறையில் கெட்டிலில் தண்ணீர் சூடாக்கி, அவளுடைய நல்ல கண்ணாடியின் சட்டத்தை முக்கி, இளகியதும் கட்டை விரலால் அழுத்தி இரண்டு லென்ஸையும் வெளியே தள்ளினேன். அவளை மாஸ்கைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியே தூரத்து விளக்குக் கம்பத்தைப் பார்க்கச் சொன்னேன். கருவிழிக்கு நேராக மாஸ்கின் மேல் இரண்டு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளிகள் அரை விரல் தள்ளிப் போனாலும் கடலுக்குள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். ஓர் ஆமையையே பார்க்காதவளுக்கு ஒரே நாளில் இரண்டு ஆமை வேண்டாம்.

அதிகப் பவர் லென்ஸின் முன்பக்கம் சப்பையாக இருக்கும். அது மாஸ்கின் உள்பக்கத்தில் நன்றாகவே படிந்தது. ஓரத்தைச் சுற்றி மயிரிழை போலப் பசையை விட்டேன். எத்தனையோ ஆயிரம் லென்ஸ் பொருத்தியவன், அந்தக் கடைசி வளைவை மட்டும் மூன்று தடவை நிறுத்தி நிறுத்தி முடித்தேன். மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்தபடி தரையில் காலை அழுத்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் முழுக்க மாஸ்க் அலமாரியின் மேல்தட்டில் காய்ந்தது. மனைவி பழைய கண்ணாடியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் நடந்தாள். பெயர்ப் பலகை எதுவும் படிக்க முடியவில்லை. படிகளில் காலால் தடவி இறங்கினாள். அதிலும் அவளுக்கு ஒரு குஷி.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி உலகம் இப்படித்தான் இருந்திருக்கு. உங்களைக்கூட முடி இருக்கிற மாதிரி தெரியுது."

மூன்றாம் நாள் காலை, மைத்துனன் தன் கொள்கையை விட்டுக்கொடுக்காமல் சறுக்கு மரப் படகில் ஏறினான். நாங்கள் கமாண்டரின் படகில். எங்களோடு இன்னும் நான்கு பேர். கடல் இஸ்திரி போட்ட துணி மாதிரிக் கிடந்தது. பவளப்பாறைக்குப் பக்கத்தில் எஞ்ஜினை அணைத்துவிட்டு கமாண்டர் எல்லோருக்கும் சொன்னார்.

"மாஸ்க் உள்பக்கம் எச்சில் துப்பி, விரலால தேய்ச்சு, கடல்ல ஒரு முக்கு முக்கிப் போட்டுக்கங்க. இல்லைன்னா ஆவி பிடிக்கும்."

நான்கு பேரும் துப்பினார்கள். மனைவியின் மாஸ்கில் லென்ஸ் இருப்பதால் கமாண்டரே குழந்தைகளுக்கான ஷாம்பூ ஒரு சொட்டு விட்டுக் கழுவிக் கொடுத்தார். எனக்கும் சொட்டு மிச்சம் இருக்குமா என்று பார்த்தேன். புட்டி காலி.

"துப்புங்க சார்."

"கண்ணாடில எச்சில் படக் கூடாதும்மா. அதுக்குக் கடையில பலகையே மாட்டியிருக்கேன்."

"கடலுக்கு உங்க பலகை தெரியாது" என்றார். நான் கைக்குட்டையால் துடைத்துப் போட்டுக்கொண்டேன். கொள்கை என்பது மைத்துனனுக்கு மட்டும் சொந்தமா?

மிதவைச் சட்டையோடு ஏணியில் இறங்கினோம். மனைவி ஒரு கையால் கமாண்டர் வீசிய மிதவை வளையத்தையும் மறு கையால் என் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

வைத்தவள் அசையவில்லை.

எனக்கு எல்லாப் பயமும் ஒன்றாக வந்தது. லென்ஸ் பெயர்ந்துவிட்டதா? எல்லாம் இரண்டாகத் தெரிகிறதா? மறுபடியும் நீலம்தானா? வாயில் குழாய் இருக்கும்போது "ஒன்னா, ரெண்டா" என்று கேட்க முடியாது. நானும் முகத்தை உள்ளே வைத்து அவளையே பார்த்தேன். கீழே மீன்கள் இருந்திருக்கலாம். தடித்த லென்ஸுக்குப் பின்னால் சின்னதாகத் தெரிந்த அவள் கண்கள் இடமிருந்து வலமாக எதையோ பின்தொடர்ந்தன. நின்றன. மறுபடி வேறொன்றைப் பிடித்துக்கொண்டு ஓடின. கண் பரிசோதகனுக்கு அது போதும். தெரியாத கண் அலையும். தெரிந்த கண்தான் பின்தொடரும்.

அப்படியே எவ்வளவு நேரம் மிதந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. தூரத்தில் பெரிய படகிலிருந்து பாட்டுச் சத்தமும், ஒவ்வொருவராகச் சறுக்கி விழும் சத்தமும் மெல்லக் கேட்டன. அவள் தன் விரல்களையே ஒரு தடவை முகத்துக்கு முன் விரித்துப் பார்த்துக்கொண்டாள். எனக்கு மூக்குக்குள் ஏதோ செய்தது. கடல் தண்ணீராக இருக்கலாம். அந்த நேரம் பார்த்து என் மாஸ்கில் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஆவி படர ஆரம்பித்தது. முதலில் மீன்கள் போயின. பிறகு அவள் போனாள். கடைசியில் பால் டம்ளருக்குள் தலையை விட்டவன் மாதிரி மிதந்தேன்.

அப்போதுதான் அவள் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. ஓர் இறுக்கு. அப்புறம் இன்னும் பலமாக. கையைப் பிடித்துக் கீழ்நோக்கி ஆட்டினாள். நான் அவசரமாக மாஸ்கைத் தூக்கினேன், உப்புத் தண்ணீர் கண்ணுக்குள் பாய்ந்தது. துடைத்துக்கொண்டு திரும்பக் குனிவதற்குள் அவள் தலையைத் தூக்கிக் குழாயைத் துப்பிவிட்டாள்.

"பார்த்தீங்களா? நேர் கீழ. பார்த்தீங்களா?"

மாஸ்க் அழுத்திய வட்டத்துக்குள் அவள் முகம் அப்படி இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இந்த முகத்திடம் இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் விளங்கிற்று. 'ஆமா' என்பது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஓர் ஆமாவுக்குப் பன்னிரண்டு வருஷம் சோறு போட்டவள் எதிரில் மிதந்துகொண்டிருந்தாள்.

"பார்க்கல" என்றேன். "ஆவி பிடிச்சிடுச்சு."

"துப்பலையா?"

"துப்பல."

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்த சிரிப்பில் வளையம் குலுங்கி, இரண்டு பேரும் ஒரு வாய் கடல் குடித்தோம். படகின் விளிம்பிலிருந்து கமாண்டர், "ஆமைதானே? நானும் பார்த்தேன்" என்று குரல் கொடுத்தார். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

"சரி, சொல்றேன் கேளுங்க" என்று அவள் அங்கேயே, தண்ணீரிலேயே ஆரம்பித்தாள். ஓட்டின் மேல் இருந்த கோடுகள், அது துடுப்பை அசைத்த விதம், கழுத்துச் சுருக்கம், போகிற போக்கில் இவளை ஒரு பார்வை பார்த்தது. நான் சொன்ன ஆமையில் இதெல்லாம் இருந்ததே இல்லை. என்னுடையதில் டேபிள் மட்டும்தான் இருந்தது.

துறையில் இறங்கும்போது கமாண்டர் மாஸ்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. "பிரிச்சா ரெண்டும் கெடும். தங்கச்சியோடவே இருக்கட்டும்" என்றார். மைத்துனன் எங்களுக்கு முன்னாலேயே வந்து, முழங்கையில் சிராய்ப்போடு நின்றிருந்தான். சறுக்கு மரத்தில் பிரேக் இல்லையாம்.

"என்ன அக்கா, தெரிஞ்சுதா?"

"ஆமை பார்த்தேன்டா."

"நிஜமாவா? எவ்வளவு பெருசு?"

அவள் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்தாள். போதவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், ஓர் அடி பின்னால் நகர்ந்து இன்னும் விரித்தாள்.

"உங்க மாமாவோட டைனிங் டேபிளெல்லாம் சும்மா. அதைவிடப் பெருசு."

மைத்துனன் என்னைப் பார்த்தான். "அப்படியா மாமா?"

தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத்தான் தெரியும். நீரிலிருந்து மாஸ்குக்குள் இருக்கும் காற்றுக்கு ஒளி வளைகிற கணக்கு அது. யார் கேட்டாலும் படம் போட்டு விளக்குவேன், கேட்காவிட்டாலும் விளக்குவேன்.

"நான் பார்க்கலப்பா" என்றேன். "உங்க அக்காதான் பார்த்தா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."